பணிக்கு அடிமையாதல்

பணிக்கு அடிமையாதல் என்பது கட்டாயம் ஏதும் இல்லாதபோதும் வேலையை நிறுத்த இயலாமல், அதனால் உடல்நலமும் குடும்ப உறவுகளும் கெடும் நிலை ஆகும். பேச்சு வழக்கில் இவ்வாறானவரை வேலைப் பைத்தியம் என்பர். ஒர்க்கஹாலிசம் என்ற ஆங்கிலச் சொல்லை, குடி அடிமையைக் குறிக்கும் சொல்லை ஒட்டி, அமெரிக்கச் சமயப் பணியாளரும் உளவியலாளருமான வேய்ன் ஓட்ஸ் 1968இல் உருவாக்கினார். நீண்ட நேரம் உழைப்பவர் எல்லாரும் இதில் அடங்கார். நடவு நாட்களில் இருட்டோடு வயலுக்குச் செல்பவர், நடவு முடிந்ததும் ஓய்கிறார். அடிமையானவரால் அது இயலாது.

இனங்காணல்

நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஏழு கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். குற்றவுணர்வைக் குறைக்க வேலை செய்தல், குறைத்துக்கொள்ளுமாறு பிறர் கூறியும் கேளாமை, வேலை தடைப்பட்டால் மன உளைச்சல் கொள்ளுதல் போன்றவை அவற்றுள் சில. நான்கிற்கேனும் 'அடிக்கடி' அல்லது 'எப்போதும்' என விடையளிப்பவருக்கு இந்நிலை இருக்கக்கூடும். உலக சுகாதார அமைப்பின் 2022 முதல் நடைமுறையிலுள்ள நோய்ப் பட்டியலில் எண்ணிம விளையாட்டுக்கு அடிமையாதல் நோயாக உள்ளது. பணிக்கோ கைபேசிக்கோ அடிமையாதல் தனி நோயாக இடம்பெறவில்லை.

கைபேசியின் பங்கு

முன்பு அலுவலகக் கதவு மூடினால் வேலையும் நின்றது. இன்று மின்னஞ்சலும் குழுச் செய்திகளும் படுக்கை வரை வருகின்றன. மென்பொருள் துறையில் அமெரிக்க வாடிக்கையாளரின் பகல் நமக்கு இரவு. வேலைக்காகக் கைபேசியை எடுப்பவர், அது முடிந்த பின்னும் அதிலேயே மூழ்குவதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

காவிரிப் படுகையில்

மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12இல் திறக்கப்பட்டு சனவரி 28இல் மூடப்படும். குறுவை, சம்பா, தாளடி ஆகியன இந்நாட்காட்டிக்குள் அடங்கின. ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு நிறுத்தம் இதனால் கிடைத்தது. (கூலித் தொழிலாளருக்கு அது ஓய்வன்று, வருமான இழப்பு, ஆழ்துளைக் கிணறு உள்ள நிலங்களுக்கும் இக்கணக்குப் பொருந்தாது.) தஞ்சாவூரில் டைடல் நியோ தொழில்நுட்பப் பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கணினி வேலைக்கு அணை மூடும் நாள் என்று ஒன்றில்லை.

மீளும் வழிகள்

அறிவிப்பு ஒலிகளை நிறுத்துதல், கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்து விழிப்பதற்கு மணிக்கடிகாரம் பயன்படுத்துதல், அலுவலுக்குத் தனி எண் வைத்தல் ஆகியன எளிய முதற்படிகள். இவை தனியொருவரின் மன உறுதியை நம்பியிருப்பதால் பெரும்பாலும் நீடிப்பதில்லை. தூக்கமோ உறவோ பாதிக்கப்பட்டால் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்சு மருத்துவமனையில் மிகையான கைபேசி, இணையப் பயன்பாட்டுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு 2014இல் தொடங்கப்பட்டது.

கூட்டாக நிறுத்துவதற்கு மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள வட்காவ் சிற்றூர் நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஆகத்து 15 முதல் அங்கு இரவு 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலித்ததும் கைபேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்து, 8.30க்கு மறுபடி ஒலிக்கும் வரை படிப்பிலும் பேச்சிலும் செலவிடும் வழக்கம் தொடங்கியது. அனைவரும் ஒரே நேரத்தில் அணைப்பதால் எவரும் எதையும் தவறவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை.

பிரான்சு 2017 முதல், 50 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் பணிநேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்துத் தொழிலாளருடன் பேச்சு நடத்த வேண்டும் எனச் சட்டம் செய்தது. இத்தகைய தனிநபர் மசோதாவை இந்திய மக்களவையில் சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.