சின்ன வயதிலேயே முதுமை... புரோஜீரியா நோய் ஏன் வருகிறது? செல்லுக்குள் இருக்கும் ‘வலை’ பற்றித் தெரியுமா?

அமிதாப் பச்சன் 12 வயது சிறுவனாக நடித்த ‘பா’ படம் ஞாபகம் இருக்கா? பால்கி இயக்கம், இளையராஜா இசை, பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு என 2009-ல் வந்த இந்திப் படம். அதில் அந்தச் சிறுவனுக்கு வந்த நோய்தான் புரோஜீரியா. முடி கொட்டி, தோல் சுருங்கி, குழந்தைப் பருவத்திலேயே உடல் முதுமை அடைந்துவிடும். இதற்குக் காரணம், செல்லுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய புரத வலை.

அது என்ன வலை?

நம் செல்லின் உட்கருவுக்குள் டி.என்.ஏ இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அந்த உட்கருவைச் சுற்றி இரண்டு அடுக்குச் சவ்வு உண்டு. உள் சவ்வை ஒட்டி, ‘லேமின்’ என்ற புரத இழைகளால் பின்னப்பட்ட வலை ஒன்று இருக்கிறது. இதன் பெயர் நியூக்ளியர் லேமினா. கயிற்றுக் கட்டிலில் கயிறு செய்கிற வேலையைத்தான் இது செய்கிறது. பின்னல் சரியாக இருந்தால் பாரம் தாங்கும். கெட்டுப்போனால் எல்லாம் தொய்ந்துவிடும்.

இதன் வேலை என்ன?

* உட்கருவின் வடிவத்தைக் காப்பது. ஓயாமல் சுருங்கி விரியும் இதயத் தசைக்கு இது ரொம்ப முக்கியம்.
* டி.என்.ஏ-வின் சில பகுதிகளை ஓரமாகப் பிடித்து வைப்பது. அப்படி ஓரங்கட்டப்பட்ட மரபணுக்கள் பெரும்பாலும் செயல்படாமல் அமைதியாக இருக்கும்.
* செல் பிரியும்போது கலைந்து, பிரிந்தபின் மீண்டும் பின்னிக்கொள்வது.

புரோஜீரியாவில் என்ன நடக்கிறது?

லேமின் புரதத்தைத் தயாரிக்கும் எல்.எம்.என்.ஏ மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. ‘சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’. அவ்வளவுதான்! இதை 2003-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

லேமின் ஏ புரதம் உருவாகும்போது அதன் நுனியில் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். சவ்வைச் சென்று சேர்ந்ததும் அந்த வாலை ஒரு நொதி வெட்டிவிடும். ஆனால் எழுத்து மாறியதால் புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் காணாமல் போகின்றன. வெட்ட வேண்டிய இடமும் அதோடு போய்விடுகிறது. வால் போகாத இந்தப் புரதத்துக்குப் பெயர் புரோஜெரின். இது சவ்விலேயே ஒட்டிக்கொண்டு உட்கருவைக் கோணலாக்குகிறது.

இதனால் ரத்தக் குழாய்கள் கெட்டித்துப் போகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் சராசரி ஆயுள் சுமார் 14.5 ஆண்டுகள். பெரும்பாலான குழந்தைகளின் உயிரைப் பறிப்பது இதய நோய். ஆனால் அறிவுத்திறனுக்கு எந்தக் குறையும் இருக்காது.

பெற்றோர் தவறா?

இல்லவே இல்லை. பெரும்பாலும் இது புதிதாக, தற்செயலாக ஏற்படும் மாற்றம். தாய் சாப்பிட்ட உணவோ, செய்த வேலையோ காரணம் அல்ல.

சிகிச்சை இருக்கிறதா?

அமெரிக்க மருத்துவர் லெஸ்லி கார்டனின் மகன் சாம் பெர்ன்ஸுக்கு இந்த நோய் இருந்தது. மருந்தே இல்லாத நிலையில், 1999-ல் குடும்பமாகச் சேர்ந்து புரோஜீரியா ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2014-ல், 17 வயதில் சாம் இறந்தார். புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட லோனாஃபார்னிப் என்ற மருந்து, அந்தக் கொழுப்பு வால் ஒட்டுவதையே தடுக்கிறது. 2020 நவம்பரில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. நீண்டகாலக் கண்காணிப்பில், ஆயுள் சராசரியாக இரண்டரை ஆண்டுகள் கூடியது.

இது முழுக் குணம் அல்ல. 2021-ல் வெளியான ஆய்வில், தவறான அந்த ஓர் எழுத்தையே எலிகளிடம் திருத்தினார்கள். அவற்றின் இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாளாக உயர்ந்தது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புரோஜீரியா மிக அரிது. ஆனால் இதே மரபணுவில் வேறு இடத்தில் பிழை வந்தால் தசைச்சிதைவு, இதயம் வீங்கிப் பலவீனமாவது, இதயத் துடிப்புக் கோளாறு போன்றவை வரலாம். இதய பாதிப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, அந்தத் தகவலை இதய மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு சாதாரண ஈ.சி.ஜி-யில்கூட முதல் துப்பு கிடைக்கலாம்.