மண்டாயில் பிறந்தவை

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தின் வரலாறு. ஆண்டுவாரியாக எழுதப்போனால் அது கட்டட வரலாறாகிவிடும். எந்த ஆண்டு எந்தக் கூடம் திறந்தது, யார் நாடா வெட்டினார் என்பதை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. ஆகவே ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். தோட்டத்தில் ஒரு குட்டி பிறந்தால், அந்தச் செய்தியை ஊருக்கு எப்படிச் சொன்னார்கள்? சொன்ன பிறகு அந்தச் செய்திக்கு என்ன ஆயிற்று?

இத்தீவில் விலங்குக் காட்சி, இன்றைய தோட்டம் இருக்கும் மண்டாயில் தொடங்கவில்லை. 1875இலேயே பூமலையில், தாவரவியல் பூங்காவுக்குள், ஒரு சிறு விலங்குத் தோட்டம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். பின்னர் பசாப்பா என்ற இந்திய வம்சாவளி வணிகர் பொங்கோலில் சொந்தமாக ஒரு தோட்டம் நடத்தினார். வங்கப்புலி ஒன்றை வளர்ப்பு நாய்போலக் கூட்டிக்கொண்டு திரிந்த மனிதர் அவர். 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது பிரிட்டிஷ் ராணுவம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக்கொன்றார்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் விலங்கு வணிகத்துக்குப் பெயர்போன துறைமுகம். காட்டிலிருந்து பிடித்துவந்த விலங்கு கப்பலுக்குக் காத்திருக்கும் ஊரில், புது வரவுதான் பேச்சாக இருந்திருக்கும். இருக்கிற விலங்கு ஈன்றது என்பது பெரிய செய்தியாக வேண்டுமானால், அது காட்டிலிருந்து இனி எளிதில் வராது என்ற நிலை முதலில் வரவேண்டும்.

மண்டாய்த் தோட்டம் அந்த நிலை வந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஓங் சுவீ லாவ்தான் 1960களின் இறுதியில் இந்த யோசனையை முன்வைத்தார். சிலேத்தார் நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த நீர்ப்பிடிப்புக் காடு கழகத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு பகுதியை மக்கள் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடலாமே என்பது அவர் எண்ணம். வடிவமைப்புக்கு ஆலோசகராக வந்தவர் இலங்கையர். கொழும்பை அடுத்த தெஹிவளை விலங்குத் தோட்டத்தின் இயக்குநர் லின் டி அல்விஸ். கம்பிக்கூண்டுகளைத் தவிர்த்து அகழி, நீர், செடி, பாறை ஆகியவற்றால் விலங்கையும் மனிதரையும் பிரிக்கும் திறந்தவெளி அமைப்பு இங்கே அவர் கைவண்ணத்தில்தான் வந்தது. 1973 ஜூன் 27 அன்று அப்போதைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தோட்டத்தைத் திறந்துவைத்தார். தொடக்கத்தில் 72 இனங்களைச் சேர்ந்த 270 விலங்குகள் இருந்தன. ஊழியர்கள் 130 பேர்.

முதல் இரண்டு ஆண்டுகளில் தோட்டத்தின் பெயர் நாளிதழில் அடிபட்டது குட்டிகளால் அன்று, ஓட்டங்களால். திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு கருஞ்சிறுத்தை தப்பியது. 1974இன் தொடக்கத்தில் காங்கோ என்ற நீர்யானை வெளியேறி, சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் 47 நாள் உல்லாசமாக இருந்துவிட்டுப் பிடிபட்டது. குடிநீர் தரும் நீர்த்தேக்கம் அது என்பதை நினைத்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். புதிய நிறுவனத்துக்கு மக்களின் நம்பிக்கை தேவைப்பட்டது. திறந்தவெளித் தோட்டம் என்பது ஆபத்தான ஏற்பாடு அன்று, விலங்குகள் இங்கே நிம்மதியாக வாழ்கின்றன என்று காட்டியாக வேண்டும். அதற்குக் குட்டியைவிட நல்ல சாட்சி எது?

அந்தச் சாட்சியை ஊருக்கு முதலில் கொண்டுவந்தவள் ஆ மெங். சுமத்ராவைச் சேர்ந்த ஒராங் ஊத்தான். ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு 1971இல் மீட்கப்பட்டவள். 1982இல் பார்வையாளர்கள் அவளோடு உட்கார்ந்து காலைப் பசியாறும் ஏற்பாடு தொடங்கியது. உலகம் முழுக்க அவளைத் தெரிந்துகொண்டது அந்த மேசையில்தான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் நினைவில் வைத்திருப்பது அவளுடைய குடும்பத்தை. அவள் ஐந்து பிள்ளைகள் பெற்றாள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் வந்தன. பிறப்புச் செய்தியை உறவு சொல்லி அறிவிக்கும் பழக்கம் மண்டாய்க்கு அவளால் வாய்த்தது. ஆ மெங்கின் மகள், ஆ மெங்கின் பேத்தி என்று சொன்னால் நம்மவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 2008 பிப்ரவரியில் அவள் இறந்தபோது நினைவஞ்சலிக்கு ஏறத்தாழ 4,000 பேர் வந்தார்கள். 2016இல் பேத்தி இஷ்தாவுக்கு ‘ஆ மெங்’ என்ற பட்டம் சூட்டப்பட்டது. ஓர் ஒராங் ஊத்தானின் பெயரைப் பரம்பரைப் பட்டமாக்கியது கொஞ்சம் வணிகத்தனம்தான் என்பது என் கருத்து. எனினும் சுமத்ரா ஒராங் ஊத்தான் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்ற செய்தி, அந்தப் பெயரின் முதுகில் ஏறித்தான் பல வீடுகளுக்குள் போயிற்று.

அடுத்து வருவது, இந்த வரலாற்றிலேயே மிகவும் யோசிக்க வைக்கும் பிறப்பு. 1990 டிசம்பர் 26 அன்று ஷீபா, நானூக் என்ற பனிக்கரடி இணைக்கு ஓர் ஆண்குட்டி பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. பெயர் வைக்க மக்களிடையே போட்டி நடந்தது. இனுயிட் மொழியிலிருந்து ‘இனுக்கா’ என்ற பெயர் தேர்வாயிற்று. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், நம்முடைய புழுக்கத்தில், பனிக்கரடியே குட்டி போட்டிருக்கிறது என்றால் பராமரிப்பு எவ்வளவு நேர்த்தி! அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்தவர்கள் அப்படித்தான் பெருமைப்பட்டார்கள். நானும்தான்.

ஆனால் பிறப்புச் செய்தி அச்சேறிய நாளோடு முடிவதில்லை. குட்டி வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது. 2004இல் ஷீபாவின் உரோமத்திலும் இனுக்காவின் உரோமத்திலும் பாசி பிடித்துப் பச்சை நிறமாயின. உலகச் செய்தி நிறுவனங்கள் அந்தப் படத்தை வெளியிட்டன. விலங்குநல ஆர்வலர்கள் இந்த வெப்பத்தில் பனிக்கரடி இருக்கலாமா என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். ‘வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி’ என்ற அதே வரி, ஒரு சொல் மாறாமல், பாராட்டிலிருந்து குற்றச்சாட்டானது. இனிப் புதிய பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று 2006இல் தோட்டம் அறிவித்தது. வயதான தாயையும் மகனையும் பிரிப்பதில்லை என்றும் இருந்துவிட்டார்கள். ஷீபா 2012இல் இறந்தாள். மறு ஆண்டு குளிரூட்டிய புதிய இருப்பிடம் இனுக்காவுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் பிறந்தநாள் கொண்டாட்டம் தொடர்ந்தது.

2018 ஏப்ரலில் தோட்டம் செய்தது எளிய காரியமில்லை. மூட்டு வீக்கமும் முதுமையும் இனுக்காவை வாட்டுகின்றன, 25ஆம் தேதி மருத்துவப் பரிசோதனை நடக்கும், தேறும் நிலை இல்லையென்றால் மயக்கத்திலிருந்து எழுப்பமாட்டோம் என்று ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே பொதுமக்களுக்குச் சொல்லிவிட்டார்கள். பார்க்க விரும்பியவர்கள் போய்ப் பார்த்தார்கள். ஏப்ரல் 25 காலை 27 வயது இனுக்காவின் உயிர் வலியின்றிப் பிரிந்தது. இறந்தபின் இரண்டு வரியில் அறிவிப்பது எந்த நிறுவனத்துக்கும் சுலபம். வருமுன் சொல்வதற்குத் துணிவு வேண்டும். பிறப்பை அத்தனை ஆரவாரமாகச் சொன்ன நிறுவனம் இறப்பையும் அதே தெளிவோடு சொன்னது. இந்தத் தோட்டத்தின் செய்தித்தொடர்பு வரலாற்றில் தலைசிறந்த அறிவிப்பு எதுவென்று கேட்டால், எந்தக் குட்டியின் பெயர்சூட்டலையும்விட இதையே நான் சொல்வேன்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு நடைமுறையையும் இங்கே சொல்லவேண்டும். குட்டி பிறந்தால் செய்தி முதலில் நிருபருக்குப் போவதில்லை. பதிவேட்டுக்குப் போகிறது. உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குத் தோட்டங்களும் நீர்வாழ் காட்சியகங்களும் ஒரே கணினிப் பதிவில் தங்கள் விலங்குகளின் பிறப்பு, பெற்றோர், எடை, சிகிச்சை எல்லாவற்றையும் ஏற்றுகின்றன. அருகிவரும் இனங்களுக்கு வம்சாவளிப் பதிவாளர் ஒருவர் இருப்பார். எந்த ஆண் எந்தப் பெண்ணோடு சேரலாம், எது எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதை அந்த ஏட்டைப் பார்த்துத்தான் பரிந்துரைப்பார்கள். ஊருக்குச் சொல்வது அதற்குப் பின்னால், சில சமயம் பல வாரம் கழித்து. தாமதத்துக்குக் காரணம் உண்டு. பிறந்த முதல் சில வாரங்களில் குட்டிகள் இறப்பது காட்டிலும் சகஜம், தோட்டத்திலும் சகஜம். முதல் பேறு கண்ட தாய் குட்டியை ஏற்காமல் போகலாம். கூட்டம், ஒளி, சத்தம் எல்லாம் தாயைக் கலவரப்படுத்தும். பல இனங்களில் ஆணா பெண்ணா என்பதே உடனே தெரியாது. நம் வீடுகளிலும் பிள்ளை பிறந்ததை எல்லாருக்கும் உடனே சொல்லாமல் தீட்டுக் கழியும்வரை காத்திருந்த பாட்டிமார்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

பாண்டா விஷயத்தில் மட்டும் இந்த ஒளிவுமறைவு செல்லுபடியாகவில்லை. சீனா கடனாகக் கொடுத்த காய் காய், ஜியா ஜியா இணை 2012 செப்டம்பரில் வந்து சேர்ந்தது முதல், எப்போது குட்டி என்ற கேள்வி நின்றபாடில்லை. பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடிய காலம் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு மூன்று நாள்தான். கருவே இல்லாமல் கர்ப்பத்தின் அறிகுறிகள் அத்தனையும் காட்டும் பொய்க்கர்ப்பம் வேறு. ஆறு பருவங்கள் வீணாயின. அந்தத் தோல்விகளையும் ஊர் தெரிந்தே வைத்திருந்தது. ஏழாவது பருவத்தில், 2021 ஆகஸ்ட் 14 அன்று, கொவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவில் ஜியா ஜியா ஈன்றாள். பிறந்த பாண்டாக் குட்டி 100 முதல் 200 கிராம்தான் இருக்கும். கண் திறக்காது, கறுப்பு வெள்ளையும் தெரியாது. நேரில் காட்ட வழியில்லாததால் காணொளிகளே செய்தியாயின. ஊர் முழுக்க ஒரு குட்டி வளர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது. பெயரை மக்கள் பரிந்துரைத்தார்கள், இறுதிப்பட்டியலில் வாக்களித்தார்கள். டிசம்பர் இறுதியில் ‘லே லே’ என்று அறிவித்தார்கள். சிங்கப்பூரின் பழைய சீனப் பெயரில் இருக்கும் எழுத்து அது. ஒப்பந்தப்படி 2024 ஜனவரியில் லே லே சீனாவுக்குப் போய்விட்டான். அவன் ஒருநாள் போகவேண்டியவன் என்பது பிறந்தபோதே தெரிந்த விஷயம். சந்தோஷத்தில் அதை நாம் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பாண்டாவுக்குக் கிடைத்த இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மற்றப் பிறப்புகளுக்குக் கிடைப்பதில்லை. தோட்டம், நைட் சஃபாரி, ரிவர் வொண்டர்ஸ், பறவைப் பூங்கா என்று மண்டாய்க் குழுமத்தின் இடங்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பிறப்பும் பொரிப்பும் நடக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தொகுப்பாக அதை வெளியிடுகிறார்கள். அந்தத் தொகுப்பில் தவளையும் ஆமையும் பல்லியும் இருக்கும். இன அழிவைத் தடுப்பதில் அவற்றின் பங்கு பல சமயம் முகப்புப் படத்தில் வரும் குட்டியைவிடப் பெரிது. ஆனால் தவளைக்குப் பெயர்சூட்டும் போட்டி நடத்தினால் யார் கலந்துகொள்வார்கள்?

ஒரே குட்டியின்மேல் வெளிச்சத்தைக் குவிப்பதன் விளைவை மற்ற ஊர்கள் அனுபவித்திருக்கின்றன. பெர்லினில் 2006இல் பிறந்து தாய் ஒதுக்கிய குனூட் என்ற பனிக்கரடிக் குட்டியை நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் சூழ்ந்தார்கள். நான்கு வயதில் பார்வையாளர்கள் கண்முன்னே அது இறந்தது. தாய்லாந்தில் 2024இல் பிறந்த மூ டெங் என்ற குட்டி நீர்யானையைக் காணவந்தவர்களில் சிலர் அது எழுந்து ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்று பொருள்களை எறிந்தார்கள். தோட்டத்தார் பார்வை நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைக்கவேண்டி வந்தது.

ஐம்பது ஆண்டு கடந்த நிறுவனத்திடம் ஒரு விண்ணப்பம் வைக்கும் உரிமை அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உண்டு. ஆண்டுதோறும் வரும் பிறப்புப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இறப்புக் கணக்கையும், வேறு நாடுகளுக்கு அனுப்பிய விலங்குகளின் கணக்கையும் அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். இனுக்காவின் கடைசி இரண்டு வாரத்தில் எங்களிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நீங்கள் கண்டுகொண்டீர்கள். மற்றவற்றையும் சொல்லுங்கள். தவளைச் செய்தியையும் அனுப்புங்கள், படிக்கிறோம்.