அஞ்சலட்டைப் படங்களில் காரைக்கால்

வரிச்சிக்குடியைக் கடந்து நாம் சென்றடையும் காரைக்கால், 1739இல் பிரெஞ்சியர் வசமாகி 1954இல் அவர்கள் கையைவிட்டு நீங்கிய துறைமுக நகராகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான இந்நகரின் பட அஞ்சலட்டைகளை நோக்குமிடத்து, தெருவும் கட்டடமுமே பெரிதும் கண்ணிற்படுகின்றன. நகரின் மாந்தர் பலரோ அதற்கு முன்னரே கப்பலேறிப் போயினர்.

1853இல் 'ஒரேலி' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரை மார்த்தினீக்குத் தீவில் இறக்கிற்று. மறு ஆண்டு குவாதலூப்பிலும் இறக்கிற்று. பின்னவிடத்திற்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் சென்றனர். அவர்கள் புறப்பட்ட துறைகளுள் காரைக்காலும் ஒன்று.

அத்தீவுகளின் அஞ்சலட்டைகளிலேதான் அவர்தம் முகங்களை நாம் காண்கிறோம். பல படங்களின் கீழ் ஆட்பெயரில்லை. 'இந்தியக் கூலிகள்' என்பதே பொறிக்கப்பட்டுள்ளது. கட்டடத்திற்குப் பெயர் பொறித்தவர் மனிதர்க்குப் பொறியாது விட்டது தற்செயலன்று என்றே கருதுகிறோம். பெயர்கள் எனினும் மாயவில்லை: 1981இல் குவாதலூப்பிலிருந்து பாரிசு நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எர்னஸ்ட் முத்துசாமி.