உமறுவின் கோலம்

ஒருவரது தோற்றத்தைக் கொண்டு அவரது உள்ளத்தை எடைபோடும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் அதற்குத் தப்பவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில், எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, அந்த அரசவையிலேயே புலவராய் விளங்கியவர் உமறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்வைத் தமிழில் காப்பியமாக்கித் தருமாறு கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரை வேண்டினார். வரலாற்றுச் செய்திகளோ அறபு நூல்களில் இருந்தன. அவற்றைக் கேட்டறிய உமறு மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றார். அரசவைப் புலவர் கோலத்தில் வந்து நின்றவரைக் கண்டு அப்பா அவர்கள் உரை தர மறுத்தார்கள் என்றும், பின்னர்க் கனவு வாயிலாக மனம் மாறினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அதன்பின் உமறு என்ன உடுத்தினார் என்பது நமக்கு வேண்டாம். தம் பாட்டுக்கு என்ன உடுத்தினார் என்பதே வேண்டும். அதற்கு அவர் உடுத்தியது, தாம் கற்ற தமிழையேதான். கடவுள் வாழ்த்து, நாட்டுப் படலம், நகரப் படலம் எனக் காப்பிய மரபு சிறிதும் வழுவாமல் தொடங்கினார். மலையில் மழை பொழிகிறது. வெள்ளம் நிலம் பல கடந்து வயலில் பாய்கிறது. உழவர் நாற்று நடுகின்றனர். அறபு நாட்டில் ஏது நெல்வயல் என்று நகைப்போர் உண்டு. அவர்கள் நூலை முதற்சில ஏடுகளோடு மூடிவிட்டவர்கள் என்றே நாம் கருதுகிறோம். பாலைவனத்தில் வழி தவறிய வணிகக் கூட்டத்தையும், சுரத்தில் நீர் வருவித்த அற்புதத்தையும் பாடியவருக்கா அறபு மண்ணின் வறட்சி தெரியாது? தெரிந்தே பாடினார். தாம் நேசித்த நபியின் நாட்டைத் தமக்குத் தெரிந்த வளத்தால் எல்லாம் அழகுசெய்தார்.

அதே வேளையில், தீன், கலிமா, நபி என்னும் சொற்களைத் தமிழாக்க முயலாமல் விருத்தத்தின் ஓசைக்குள் இயல்பாக அமர்த்தினார். எதைப் பெயர்ப்பது, எதைப் பெயர்க்காமல் விடுவது என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. அத்தெளிவு நம் இல்லங்களிலும் நெடுங்காலம் இருந்தது. தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்று நம் பாட்டிமார் சொன்னபோது அவர்கள் ஈமானில் குறைவு கண்டவர் யார்? இன்றோ இச்சொற்களை நாவில் ஏற்றக் கூசுவோர் ஒருபுறம். கலிமாவைச் சொல்பவன் எப்படித் தமிழனாவான் என்று வினவுவோர் மறுபுறம். இரு சாராரும் உமறுவைப் படித்தவர்களாகத் தோன்றவில்லை.

சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களோ அறபுக் கவிதையில் வல்லவர்கள். வித்ரிய்யா என்னும் நபிபுகழ்ப் பாமாலையை விரித்து அவர்கள் அறபியில் பாடிய தக்மீஸ் புகழ்பெற்றது. அவர்களைப்போல் அறபியில் பாட உமறு முயலவில்லை. உமறுவைத் தமிழை விட்டுவிடுமாறு அவர்கள் பணித்ததாகவும் எந்தச் செய்தியும் இல்லை.

காப்பியம் முற்றுப்பெறுமுன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புரவலராக முன்வந்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் அமைந்தன. ஆயினும் நாயகத்தின் (ஸல்) இறுதிநாள்வரை நூல் செல்லவில்லை. ஓலையில் கிடந்த அதனை 1842ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அந்த ஆலிமுக்குத் தமிழுலகில் வழங்கிய மற்றொரு பெயர் புலவர் நாயகம்.