துரத்தும் நாயும் தங்கும் நாயும்

விவிலியத்தில் நாய்க்கு நற்பெயர் இல்லை. தெருவில் அலையும் பிராணியாகவும் இழிவுக்கு உவமையாகவுமே அது பெரும்பாலும் வருகிறது. விலக்காக இரண்டு இடங்களைச் சொல்லலாம். தோபித்து நூலில், வானதூதர் இரபேலுடன் பயணம் புறப்படும் இளைஞன் தோபியாவை ஒரு நாய் பின்தொடர்கிறது. திரும்பும்போதும் உடன் வருகிறது. யோபு நூலின் 30ஆம் அதிகாரத்தில், எல்லாம் இழந்து நிற்கும் யோபு தம் பழைய வாழ்வை எண்ணிப் பேசுகையில், தம் மந்தையைக் காத்த நாய்களைக் குறிப்பிடுகிறார். போகிற போக்கில் வரும் சொல்தான். ஆயினும், மந்தையோடு வாழ்ந்து மந்தையைக் காக்கும் நாயை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

இந்த மந்தை நாயை மறந்துவிட்டு, நூறாண்டுக் காலம் வேறு வழிகளில் அலைந்து, மீண்டும் அதனிடமே திரும்பி வந்த ஒரு நாட்டின் வரலாறு உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆடு வளர்ப்போர் வரலாறு. ஆயர் பணியைப் பற்றிச் சிந்திக்கும் நமக்கு அதில் பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் கொயோட்டி என்னும் விலங்கு வாழ்கிறது. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓநாயைவிடச் சிறியது, நம் நாட்டு நரியைவிடச் சற்றுப் பெரியது. மெக்சிக்கோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலிலிருந்து ஸ்பானியர் வழியாக அதன் பெயர் வந்தது. 1823இல் தாமஸ் சே என்னும் இயற்கையியலார் அதற்கு ‘குரைக்கும் நாய்’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். எலி, முயல், செத்த விலங்கு, பழம் என எதையும் தின்று வாழும். ஆட்டுக்குட்டி கிடைத்தால் அதையும் விடாது. தொண்டையைக் கவ்வி மூச்சை அடக்கிக் கொன்றுவிடும். இரவோடு இரவாகக் குட்டிகளைப் பறிகொடுத்த மேய்ப்பனின் வேதனை உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட்டு இந்த வரலாற்றைப் படிக்கக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்குப் புல்வெளிகளில் குடியேறியவர்கள் கொயோட்டிக்கு எதிராக முதலில் ஏவியது வேட்டை நாயை. கிரேஹவுண்ட் என்னும் ஒல்லியான, நெடுங்கால் நாய்கள் மோப்பம் பிடித்துச் செல்வதில்லை. நம் சிப்பிப்பாறை நாயைப் போலக் கண்ணால் கண்டு துரத்துபவை. அவை களைத்துவிடாதபடி வண்டியில் ஏற்றிச் செல்வார்கள். வெட்டவெளியில் கொயோட்டி தென்பட்டதும் அவிழ்த்து விடுவார்கள். வேகமான நாய்கள் ஓடி மறிக்கும். பின்னால் வரும் பெரிய நாய்கள் கடித்துக் கொல்லும்.

1905ஆம் ஆண்டு ஏப்ரலில், அன்றைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஒக்லகோமாவுக்குச் சென்று இந்த வேட்டையில் கலந்துகொண்டார். அவரை அங்கே கவர்ந்தவர் ஜான் அபெர்னாத்தி. நாய்கள் மடக்கிய விலங்கின் மேல் குதிரையிலிருந்து பாய்ந்து, அதன் வாய்க்குள் கையைச் செலுத்திக் கீழ்த்தாடையை இறுகப் பற்றி உயிரோடு பிடிப்பது அவருடைய திறமை. மறு ஆண்டே ரூஸ்வெல்ட் அவரை ஒக்லகோமாவின் மார்ஷலாக நியமித்தார். வீரமும் வேடிக்கையும் நிறைந்த காட்சிதான். ஆனால் அந்த வேட்டைக்களத்தில் ஆடு எங்கே என்று கேட்டுப் பார்த்தால், எங்கும் இல்லை. மந்தையைக் காக்கத் தொடங்கிய வேட்டை, மந்தையை விட்டு வெகுதொலைவு ஓடிவிட்டது.

நாயைப் பயன்படுத்துவதில் இன்னொரு முறையும் வளர்ந்தது. கொயோட்டி குட்டி போட்டு வளர்க்கும் மாதங்களில் வேறொரு நாய் தன் வளைக்கு அருகே வருவதைப் பொறுக்காது. வேட்டைக்காரன் தன் நாயை அங்கே அனுப்புவான். தாயும் தந்தையுமான கொயோட்டிகள் அதை விரட்டிக்கொண்டு வரும். நாய் தன் எசமானனை நோக்கியே ஓடிவரும். அவன் துப்பாக்கியோடு காத்திருப்பான். பிள்ளைகளைக் காக்கும் பாசமே இங்கே தூண்டில் இரையாகிறது.

இரும்புப் பொறியின் கதையும் இத்தகையதே. புகழ்பெற்ற ‘நியூஹவுஸ்’ பொறிகளைச் செய்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா சமூகத்தார். திருத்தூதர் பணிகள் நூல் காட்டும் தொடக்கத் திருச்சபையைப் போல உடைமைகளைப் பொதுவில் வைத்து, பாவமற்ற நிறைவாழ்வை இம்மண்ணிலேயே வாழலாம் என்று நம்பி, ஜான் ஹம்ப்ரி நாய்ஸ் என்பவர் 1848இல் தொடங்கிய சமூகம் அது. அவர்களுடைய வருவாயின் பெரும்பகுதி காலைக் கவ்வும் இப்பொறிகளிலிருந்தே வந்தது. அவர்களை எள்ளி நகையாட இதைச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பொறி செய்வது நேர்மையான தொழில். நம் தூய்மைக்கு யார் எங்கே விலை கொடுக்கிறார்கள் என்பது நமக்கும் எளிதில் தெரிவதில்லை.

பொறி வைப்பவர் அதை மெல்லிய மண்ணால் மூடி, அருகே கொயோட்டியின் சிறுநீரைத் தெளிப்பார். தன் எல்லைக்குள் வந்துபோனது யார் என்று முகர்ந்து பார்ப்பது நாய் இனத்தின் பிறவிக்குணம். அந்தக் குணமே அதைப் பொறிக்குள் கொண்டுசெல்லும். வீட்டு நாய்க்கும் அதே குணம்தான். பொறி அவ்விரண்டையும் பிரித்தறியாது.

பின்னர் நஞ்சு வந்தது. நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சை இறைச்சியில் வைத்து இறைத்தார்கள். 1915இல் ஓநாய், கொயோட்டி முதலியவற்றை ஒழிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1,25,000 டாலர் ஒதுக்கியது. 1931இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘1080’ என்னும் புதிய நஞ்சும், இழுத்தால் வாய்க்குள் சயனைடைப் பீய்ச்சும் குழாய்களும் பரவின. கழுகும் நரியும் மேய்ப்பனின் சொந்த நாயும் சேர்ந்தே மடிந்தன. நஞ்சு இறைத்த நிலத்தில் மந்தை நாய் வாழ இயலாது; ஒன்றைத் தேர்ந்தவர் மற்றதை இழந்தே ஆகவேண்டும். நெடுங்காலம் கழிந்து, 2017இலும், ஐடஹோ மாநிலத்தின் பொக்கட்டெல்லோ நகருக்கு அருகே ஒரு சிறுவன் அத்தகைய சயனைடுக் குழாயை அறியாமல் தொட்டுவிட்டான். அவன் பிழைத்தான், உடன் சென்ற அவனுடைய நாய் அவன் கண்முன்னே செத்தது.

இவ்வளவுக்கும் பலன் என்ன? ஓநாய் ஏறத்தாழ அழிந்தது, கொயோட்டி அழியவில்லை. எண்ணிக்கை குறையும்போது எஞ்சியவை அதிகக் குட்டிகளை ஈனுகின்றன; காலியான இடத்துக்குப் பிற இடங்களிலிருந்து இளம் கொயோட்டிகள் வந்துசேர்கின்றன. ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 வீதம், 50 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கொன்றால்தான் இவ்வினம் அற்றுப்போகும் என்று 1975இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். மேற்குப் புல்வெளி விலங்காக இருந்த கொயோட்டி இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும், நியூயார்க் மாநகரின் பூங்காவிலும்கூடக் காணப்படுகிறது.

இவர்கள் மறந்துவிட்ட மந்தை நாய், உண்மையில் அதே கண்டத்தில் இருந்தது. 1598இல் ஹுவான் தெ ஓன்யாத்தே தலைமையில், பிரான்சிஸ்கன் துறவியரும் உடன்வர, ஸ்பானியர் நியூ மெக்சிக்கோவில் ஆடுகளோடு குடியேறினர். அவர்கள் வழியாக நவஹோ பழங்குடியினர் ஆடு வளர்ப்போர் ஆயினர். நவஹோ மக்களின் கலப்பின நாய்க்குட்டிகள் ஆட்டுப்பட்டியிலேயே வளர்ந்து, ஆடுகளையே தம் கூட்டமாக எண்ணிக் காத்து நின்றதை 1980களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தென் அமெரிக்காவில் ஸ்பானிய மரபு வழங்கிய உருகுவாய் நாட்டில், 1833இல் சார்லஸ் டார்வின் இதே வழக்கத்தை வியந்து எழுதியிருக்கிறார். மிக இளம் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, பெண்ணாட்டின் மடியில் பால் குடிக்கப் பழக்கி, பட்டிக்குள் கம்பளி மயிரால் படுக்கை அமைத்து வளர்ப்பார்களாம். வளர்ந்தபின் அந்த நாய் மந்தையை விட்டு நீங்க விரும்புவதே இல்லை.

1972இல் குடியரசுத் தலைவர் நிக்சன் அரசு நிலங்களில் இத்தகைய நஞ்சுகளைத் தடை செய்தபின்தான் மற்றவர்களின் பார்வை இப்பக்கம் திரும்பியது. மாசசூசெட்ஸின் ஹாம்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் அவர் துணைவியார் லோர்னாவும் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய, துருக்கிய மந்தை நாய்க்குட்டிகளைக் கொணர்ந்து மேய்ப்பர்களிடம் ஒப்படைத்தனர். ஐடஹோவின் டுபாய் நகரிலுள்ள அரசு ஆடு ஆய்வு நிலையமும் இம்முயற்சியில் இறங்கியது. 399 ஆடு வளர்ப்போரிடம் 763 நாய்களைப் பற்றிக் கேட்டறிந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏழு நாய்கள் நன்கு பயன் தந்ததாகத் தெரிந்தது.

இந்த நாய் என்ன செய்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. ஆடுகளோடு படுக்கிறது, ஆடுகளோடு எழுகிறது. அந்நிய வாடை வந்தால் குரைத்து, மந்தைக்கும் பகைக்கும் இடையே வந்து நிற்கிறது. பெரும்பாலும் சண்டை நேர்வதில்லை. கொயோட்டி எலியையும் முயலையும் தேடிப் போய்விடுகிறது. பகையைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் ஓடுவது வேட்டை நாய்க்குப் பெருமை. மந்தை நாய்க்கு அது குற்றம். அது ஓடிய நேரத்தில் மந்தை தனித்துவிடும் அல்லவா?

எல்லா நாயும் இதற்குத் தேறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில நாய்கள் விளையாட்டாகக் குட்டிகளைக் கடித்துவிடும். ஆடு தின்று பழகிய கொயோட்டியைச் சுட வேண்டிய நிலையும் வருவதுண்டு. தாவீதும் ஆட்டைக் கவ்விச் சென்ற சிங்கத்தையும் கரடியையும் அடித்துக் கொன்றார். ஆனால் கவ்விய விலங்கின் வாயிலிருந்து ஆட்டை மீட்கவே அவர் அடித்தார். அதன் இனத்தையே ஒழிக்கக் காட்டுக்குள் போகவில்லை.

இந்த வரலாற்றைப் படித்தபோது, முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கின் நினைவு வந்தது. அங்கே சில குடும்பங்கள் வேறு செபக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கின. ஞாயிறு தோறும் மறையுரையில் நான் அந்தக் கூட்டங்களைக் கடுமையாகச் சாடினேன். மந்தையைக் காக்கிறேன் என்றே நம்பினேன். அப்படிப் போன ஒரு தாயை ஒருநாள் வழியில் கண்டு கடிந்துகொண்டபோது அவர் அமைதியாகச் சொன்னார்: “சாமி, எங்க வீட்டுக்காரர் எட்டு மாசம் படுத்த படுக்கையா கிடந்தாரு. அவங்கதான் வாரம் தவறாம வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க.” அந்த எட்டு மாதங்களில் நான் அவ்வீட்டுப் படியேறவில்லை. ஓநாய் என்று நான் எண்ணியவர்கள், நான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறார்கள்.

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை அதன்பின் நான் வேறு கண்ணோடு வாசிக்கிறேன். அங்கே ஓநாய் வருகிறது, கூலியாள் ஓடுகிறான், நல்லாயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கிறார். ஓநாயைத் தேடி அவர் போனதாக ஒரு சொல்லும் இல்லை. லூக்கா நற்செய்தியில் ஆயர் ஒருவர் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுப் போகிறார்தான். ஆனால் அது காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடி.

குடும்பத் தலைவர்களும் ஆசிரியர்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் அருள்பணியாளர்களாகிய நாங்களும் ஏதோ ஒரு மந்தைக்குக் காவலர்களே. தொலைக்காட்சி, கைப்பேசி, மது, தீய நட்பு என்று பகைகளைப் பட்டியலிட்டு அவற்றின் பின்னே குரைத்துக்கொண்டு ஓடுவது நமக்கு எளிதாகிவிட்டது. நம் பிள்ளைகளோடு இன்று மாலை எத்தனை நாழிகை உட்கார்ந்திருந்தோம் என்று கேட்டுக்கொள்வது அவ்வளவு எளிதன்று. அந்தத் தாயின் வீட்டுக்கு நான் பிறகு போனேன். அவருடைய கணவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.