ஒரு பெயர், பல மண்



“ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி நம் மலையில் எங்கே இருக்கிறது, டீச்சர்?” என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி வினவினாள். போட்டி ஒன்றின் முடிவுப் பட்டியலில் அப்பெயரைக் கண்டிருக்கிறாள். அப்பள்ளி நம் மலையில் இல்லை. கடலோரச் சமவெளியான கிள்ளானில், ரப்பர்த் தோட்டத்தின் பெயரால் எழுந்தது. ‘மேட்டுநிலம்’ எனும் பெயர் தாழ்நிலத்தில் நிலைத்திருப்பது வியப்பன்றோ!

ஸ்காட்லாந்தின் வடபகுதியும் ஹைலண்ட்ஸ்தான். நம் கேமரன் மலைக்கோ 1885இல் இப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர். உடன் நடந்த கூலோப் ரியாவின் பெயரை அறிந்தோர் சிலரே. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே இது மலைவாசத்தலமாக வளரத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் கேமரூனோடு இப்பெயருக்கு உறவில்லை. அது இறாலைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிறந்தது.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ தோட்டத்தின் பெயரைக் கேட்டால் வெளியூர்ப் பிள்ளைகள், “எங்கே போவது?” என்று சிரிப்பர். சீனத்து வூயி மலையை ஆங்கிலேயர் ‘போஹி’ என்றனர். அதன் சுருக்கமே இஃது என்பர். அந்நிறுவனத்தின் ஃபேர்லி தோட்டத்தின் பெயரில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஓர் ஊரும் உண்டு. போ 1, போ 2 என இரு தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால், கடிதம் எழுதுவோர் எண்ணை மறவாதிருத்தல் நலம்.

இப்பெயர்களை நம் முன்னோர் சூட்டவில்லை. எனினும், நாவில் வைத்து வழங்கித் தமக்குரியவை ஆக்கிக்கொண்டனர். கோலாலம்பூரில் எடின்பரோ தோட்டத்து ரப்பர் மரங்கள் இன்றில்லை. அங்கே பால்மரம் வெட்டிய தமிழரை நினைவூட்டுவது அப்பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளியே. ஆதலால், “ஆங்கிலேயன் வைத்த பெயர் எதற்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்கும்போது எனக்கு உடன்பாடில்லை. பெயரை நீக்கினால் நீங்குவது ஆங்கிலேயன் அல்லன்.

நம்மவர் சூட்டிய பெயர்களும் உள. மேட்டு லயம், பழைய லயம், ஆற்றோரம் என்பன போன்றவை. அவை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. தோட்டத்துப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவர மாணாக்கரைப் பணித்துள்ளேன். முதலில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தவள், கேள்வி கேட்ட அதே சிறுமிதான்.