சாபம் விழுந்த செம்மண்



சூழல் மண்டலம் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் உயிருள்ளவை: மரம், ஆடு, பறவை, பூஞ்சை. வலப்பக்கம் உயிரற்றவை: மண், நீர், காற்று, வெயில், உப்பு. பிள்ளைகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அந்தக் கோடு எவ்வளவு பொய் என்பதை எனக்குப் புரியவைத்தது ஆரோவில் வரலாறு.

ஆரோவிலை அடுத்த இரும்பையில் மகாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது. கடுவெளிச் சித்தரை அவமதித்தார்கள், லிங்கம் வெடித்தது, அவர் சாபத்தால் ஊர் பாலையானது என்பது அங்கே வழங்கும் கதை. சாபம் இருக்கட்டும். மண்ணில் நடந்தது வேறு. மேட்டில் இருந்த உலர் பசுமைமாறாக் காடு வெட்டப்பட்டது. வேர் போனதும் மண்ணைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. துளிர்த்ததை ஆடுமாடு மேய்ந்தது. மழை ஆண்டுதோறும் செம்மண்ணைக் கரைத்துக் கடலுக்கு இழுத்துப் போனது. உயிருள்ளது போயிற்று, பின்னாலேயே உயிரற்றதும் போயிற்று.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டார்கள். உலகத்து மண் வந்து சேர்ந்த இடத்தில் சொந்த மண் நிற்கவில்லை!

வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து உழைப்பாளிகளும் கன்று நட்டார்கள். கன்று மட்டும் போதவில்லை. வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பணை கட்டி, மழைநீரை நிறுத்த வேண்டியிருந்தது. கத்திச்சவுக்கு போன்ற வேகமாக வளரும் மரங்கள் முதலில் நிழல் தந்தன. உதிர்ந்த இலையைக் கரையானும் பூஞ்சையும் மண்ணாக்கின. நிழல் தேடி வந்த பறவைகள் விதை போட்டன. மண் மரத்தைத் தந்தது, மரம் மண்ணைத் தந்தது. இதில் கோட்டை எங்கே போடுவது?

1935இல் 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்த ஆர்தர் டான்ஸ்லியும் இதைத்தான் வலியுறுத்தினார்: உயிர்களையும் சூழலையும் பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்ததே ஓர் அமைப்பு.

அந்த மேட்டு மழைநீரில் ஒரு பங்கு கழுவெளிக்குப் போகிறது. மழைக்காலத்தில் அங்கே நன்னீர் நிறையும். மரக்காணம் பக்கமுள்ள முகத்துவாரம் வழியே கடல்நீரும் ஏறும். இந்தக் கலப்பை நம்பித்தான் வலசைப் பறவைகள் வருகின்றன. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமானது. பக்கத்திலேயே மரக்காணம் உப்பளம். அங்கே வெயிலும் காற்றும் உப்பு விளைவிக்கும். மேட்டில் காடு வளர்க்கும் மழையே பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும்.

உப்பு பாத்தியில் இருந்தால் பிழைப்பு, கிணற்றுக்குள் வந்தால் அழிவு. மழைநீரை நிலத்துக்குள் இறக்காமல் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பி இறைத்தால், கடலோர ஊர்களில் கடல்நீர் உள்ளே வரும். அதைத் திருப்பி அனுப்புவது எளிதல்ல. போன மண்ணை மீட்க அரை நூற்றாண்டு உழைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்.